காற்றுப் பக்கமா, மறைவுப் பக்கமா? கரீபியன் கடற்கரை விடுதிகள் பற்றிய கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் ரொறன்ரோத் தமிழருக்கு இரண்டு காய்ச்சல் வரும். ஒன்று தடுப்பூசிக்கு அடங்கும். மற்றது டொமினிக்கன் குடியரசின் புன்ட கானா, மெக்சிக்கோவின் கன்கூன் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து வருவது, அதற்கு மருந்தில்லை. ஸ்காபரோவில் ஒரு பயண முகவர் நிலையத்தில் எட்டு வருடம் இந்தப் பக்கேஜுகளை விற்றவள் நான். பிறகு சொந்தக் காசில் போய், சிலதில் மகிழ்ந்தும் சிலதில் பட்டும் வந்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றியே என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: அக்கா, வருகிற ஆனி முதற்கிழமை எங்கள் கலியாண நாளுக்கு நானும் இவரும் போக இருக்கிறோம். புன்ட கானாவில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றும், ஜமேக்காவில் நெக்ரில் என்ற இடத்தில் நாலு நட்சத்திர விடுதி ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. படத்தில் புன்ட கானாதான் வடிவு. ஐந்தை விட்டுவிட்டு நாலுக்குப் போவது புத்தியா? (மார்க்கம் வாசகி)

முதலில் நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். இந்தப் பக்கேஜ் பட்டியல்களில் இருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் விற்கிறவர் தானே குத்திக்கொள்வது. நான் வேலை செய்த காலத்தில் ஒரே விடுதி ஒரு நிறுவனத்தின் பட்டியலில் நாலு, இன்னொன்றில் நாலரை என்று இருக்கும். வாடிக்கையாளருக்கு எதைக் காட்டினோம் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்த விடுதியின் கடற்கரை எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது?

ஊரில் சோளகமும் வாடையும் முறை வைத்து மாறும். கரீபியனில் அப்படியில்லை, வருடம் முழுக்கக் கொண்டல்தான், கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும். அரூபாவில் டிவிடிவி என்றொரு மரம், காற்று தள்ளித் தள்ளி முழுக்கத் தென்மேற்காகவே சாய்ந்து வளர்ந்திருக்கும். ஆகவே ஒரு தீவின் கிழக்குக் கரை அத்திலாந்திக்கிடம் அடி வாங்கிக்கொண்டே கிடக்கும், மேற்குக் கரை குளம் மாதிரி இருக்கும். பார்படோஸில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். காலையில் கிழக்கே பத்ஷீபா: அலைச்சறுக்குப் பெடியன்கள் மட்டும் கடலுக்குள், நான் கணுக்கால் நனைக்கவே பயந்தேன். தீவைக் குறுக்கே கடந்து பின்னேரம் ஹோல்டவுன் பக்கம் வந்தால், கைக்குழந்தைகளை இடுப்பளவுத் தண்ணீரில் வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள்.

கொண்டல் அலையை மட்டும் கொண்டுவருவதில்லை. சர்காசம் என்ற பழுப்பு நிற மிதக்கும் கடற்பாசியையும் கொண்டுவருகிறது. 2011இலிருந்து ஆபிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நடுவில் இது பெரும் பட்டையாக வளர்ந்து, அநேகமாகச் சித்திரை தொடக்கம் ஆவணி வரை கரைகளில் வந்து விழுகிறது. 2025இல் செய்மதிப் படங்களில் அதுவரை காணாத அளவு. மிதக்கும்போது தீங்கில்லை. கரையில் குவிந்து அழுகத் தொடங்கினால் கூழ்முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைட் வாயு. ஒருமுறை புன்ட கானாவில் மூன்றே நாளில் என் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனது. விடிய முன்னமே உழவு இயந்திரத்தோடு விடுதி ஆட்கள் வாரி அள்ளினார்கள், மத்தியானத்துக்குள் கடல் மறுபடி கொண்டுவந்து போட்டது. அந்த ஆட்களைக் குறை சொல்லவே மனம் வராது.

புன்ட கானாவின் பவாரோக் கரை கிழக்கைப் பார்த்தது. மெக்சிக்கோவில் பிளாயா டெல் கார்மென், துலூம் எல்லாம் அப்படியே. நெக்ரில் மேற்கு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனி மாதம், கலியாண நாள் என்றால் நான் நெக்ரிலுக்குத்தான் போவேன். ஆனால் ஒரு நிபந்தனை. 2025 ஐப்பசி 28ஆம் திகதி மெலிசா சூறாவளி, ஐந்தாம் தரத்தில், ஜமேக்காவின் மேற்குப் பகுதியில்தான் கரையேறியது. உங்கள் விடுதியின் எல்லாக் கட்டடங்களும் உணவகங்களும் திறந்திருக்கின்றனவா என்று விடுதிக்கே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு காசு கட்டுங்கள். டொமினிக்கன் குடியரசுதான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், தென்கிழக்கு மூலையில் பயஹிபே இருக்கிறது. கொண்டலுக்கு மறைவான கரை, பாசி பொதுவாகக் குறைவு.

விடுதி போட்ட படங்களைப் பார்க்க வேண்டாம். தங்கியவர்கள் போன வருடம் ஆனியில் எடுத்துப் போட்ட படங்களைத் தேடுங்கள். தையில் எடுத்த படம் ஆனிக்கு உதவாது.

கேள்வி: "ஓஷன் வியூ" அறை என்று ஆளுக்கு 240 டொலர் கூடக் கட்டினோம். பல்கனியில் நின்றால் நீச்சல் குளத்து பாரின் கூரைதான் தெரிந்தது. வந்து மூன்று கிழமை ஆகிறது. காசு திரும்பக் கேட்கலாமா? (பிரம்டன் வாசகர்)

கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பி வேறு செலவு வைத்துவிடாதீர்கள்.

இந்தச் சொற்களில் ஒரு சாதிப்பிரிவே இருக்கிறது. "ஓஷன் ஃபிரன்ட்" என்றால் அறையின் முகமே கடலுக்கு. "ஓஷன் வியூ" என்றால் எங்கேயோ கடல் தெரியும். "பார்ஷல் ஓஷன் வியூ" என்பதை நான் ஒருமுறை வாங்கினேன்: பல்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்தி, கழுத்தை இடப்பக்கம் திருப்பினால், இரண்டு தென்னைக்கு நடுவில் கைலேஞ்சி அளவு நீலம். "கார்டன் வியூ"வில் பூந்தோட்டமும் இருக்கலாம், வாகனத் தரிப்பிடத்து ஓரச் செடியும் இருக்கலாம். "ரன் ஒஃப் ஹவுஸ்" என்று போட்டிருந்தால் வந்த அன்று எது மிச்சமோ அது உங்களுக்கு. ஒன்றும் கேட்கக் கூடாது. இதில் "பீச் ஃபிரன்ட் ரிசோர்ட்" என்பது மோசமான சொல். விடுதி கடற்கரையில் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், உங்கள் கட்டடம் கடற்கரையிலிருந்து எத்தனை நிமிட நடை என்பதை அது சொல்லாது.

நீங்கள் சொல்வதுபோலக் கடல் துளியும் தெரியாவிட்டால் அது ஓஷன் வியூவே அல்ல. நியாயம் உங்கள் பக்கம். பிழை என்னவென்றால் அங்கேயே சண்டை பிடிக்காதது. பெட்டியைத் திறக்க முன்னம் வரவேற்பு மேசைக்குப் போக வேண்டும். மாற்ற அறை இல்லை என்றால், இல்லை என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். பக்கேஜ் நிறுவனத்தின் ஆள் ஒருவர் லொபியில் உட்கார்ந்திருப்பார், அவரிடமும் பதிய வேண்டும். படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அறை எண், உறுதிச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, வித்தியாசக் காசை, ஆளுக்கு 240ஐ மட்டும் கேட்டு முகவருக்கு எழுதுங்கள். முழுப் பயணக் காசையும் கேட்டால் கடிதம் குப்பைக்குப் போகும். அடுத்த பயணத்துக்குக் கழிவுச்சீட்டு தருகிறோம் என்பார்கள். காசாகத் தரச் சொல்லி ஒருமுறையாவது திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஆளுக்கு 1,899 டொலருக்குப் பதிந்தோம், முற்பணம் கட்டியாயிற்று. இப்போது எரிபொருள் விலை கூடிவிட்டது, இன்னும் 180 டொலர் தாருங்கள் என்கிறார்கள். (ஸ்காபரோ வாசகர்)

1,899இல் 7 வீதம் கிட்டத்தட்ட 133 டொலர். ஒன்ராறியோ விதிப்படி, விற்பனை வரி உயர்வு தவிர்ந்த காரணங்களால் விலை 7 வீதத்துக்கு மேல் கூடினால் நீங்கள் இரத்துச் செய்து முழுக் காசையும் திருப்பி வாங்கலாம். முழுக் காசையும் கட்டி முடித்திருந்தால் ஒரு சதம்கூடக் கூட்ட முடியாது. உங்களிடம் கேட்பது ஒன்பதரை வீதம். "டைகோ" என்ற ஒன்ராறியோப் பயணத் தொழில் சபையின் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். டைகோவில் பதிந்த முகவரிடம் வாங்கினால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: அந்த முகவர் நொடித்துப்போனால் இழப்பீட்டு நிதியிலிருந்து ஆளுக்கு 5,000 டொலர் வரை கேட்கலாம்.

கேள்வி: மாமி சுத்த சைவம். மச்சம் சமைத்த சட்டியில் சமைத்தாலே சாப்பிடமாட்டா. பேரப்பிள்ளைகளோடு கடலைப் பார்க்க ஆசைப்படுறா. சாப்பாடெல்லாம் விலைக்குள் அடங்கும் ஓல் இன்க்ளூசிவ் விடுதியில் ஒரு கிழமை என்ன செய்வது? எந்தத் தீவு நல்லது? (அஜக்ஸ் வாசகி)

சட்டி விஷயத்துக்கு எந்த விடுதியும் உத்தரவாதம் தராது, அதை மாமியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முட்டையும் மச்சமும் இல்லாமல் வயிறு நிறைவது ஒன்றும் கஷ்டமில்லை. பஃபேயில் "வெஜிடேரியன்" என்று எழுதிய மூலைக்குப் போனால்தான் கஷ்டம். அங்கே அவித்த கரட்டும் சீஸ் பாஸ்ரவும்தான் கிடைக்கும். உள்ளூர்ச் சாப்பாடு வைக்கும் பக்கம் போங்கள். அது நம்முடைய ஊர்த் தோட்டம்தான்.

டொமினிக்கனில் காலையில் மங்கு என்று ஒன்று வைப்பார்கள். வாழைக்காயை அவித்து மசித்து மேலே வதக்கிய வெங்காயம் போட்டது. கூட வரும் பொரித்த இறைச்சித் துண்டையும் முட்டையையும் விலக்கிவிட்டால் மாமிக்கு அது தெரிந்த ருசி. மரவள்ளிக்கிழங்கும் எங்கும் உண்டு. ஜமேக்காவில் கலலு என்பது தண்டுக்கீரை இனம். வெங்காயம், தக்காளி, மிளகாயோடு வதக்குவார்கள். ஆனால் அதே பெயரில் டிரினிடாட்டில் வருவது வேறு: சேம்பிலையும் வெண்டிக்காயும் தேங்காய்ப்பாலில் கடைந்தது, பல இடங்களில் நண்டும் உள்ளே கிடக்கும். ஈரப்பலாவும் இருக்கும். 1793இல் பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, தோட்ட அடிமைகளுக்கு மலிவுச் சாப்பாடாக நட்ட மரம் அது. சுட்ட ஈரப்பலாவைத் தின்னும்போது எனக்கு அந்தக் கதை தொண்டையில் நிற்கும்.

ஜமேக்காவில் ராஸ்டபாரிச் சமயத்தாரின் "ஐட்டல்" சாப்பாடு இறைச்சி சேராதது. விடுதி வாசலைத் தாண்டி ஊருக்குள் போனால் அப்படிக் கடைகள் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை: "றைஸ் அண்ட் பீஸ்" தேங்காய்ப்பாலில் வேகும், வாசம் நம்மை ஏமாற்றிவிடும், சில சமையலறைகளில் உப்பிட்ட பன்றிவாலும் கூட வேகும். மெக்சிக்கோவில் மசித்த பயற்றில் "மந்தேக்கா" என்ற பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். ஸ்பானிய நாடுகளில் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழியைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே வைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பேச்சில் கார்னே பெரும்பாலும் மாட்டிறைச்சி. "சின் பொய்யோ, சின் பெஸ்காதோ" என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி மாமியின் கைப்பையில் வையுங்கள்.

எந்தத் தீவு என்றால், சாப்பாட்டை மட்டும் பார்த்தால் டிரினிடாட். கடலைக் கறியை இரண்டு பொரித்த ரொட்டிக்கு நடுவில் வைத்த "டபிள்ஸ்" தெருவுக்குத் தெரு. ஆனால் அங்கே ஓல் இன்க்ளூசிவ் கலாசாரம் இல்லை. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் குவாதலூப்பை யோசியுங்கள். 1854இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பிள்ளைகள் வாழும் தீவு. கப்பெஸ்டெர் பெல் ஓ ஊரில் கோபுரத்தோடு கோயிலே இருக்கிறது. அங்கே கடைகளில் விற்கும் கறித்தூளின் பெயர் "கொலொம்போ". குழம்பு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு, கொழும்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். மாமி மணந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

கேள்வி: கன்கூன் விமான நிலையத்தில் ஒருவர் "உங்கள் விடுதியின் ஆள்" என்று சொல்லி, இலவசக் காலைச் சாப்பாடும் பாதி விலையில் சுற்றுலாவும் தருகிறேன் என்றார். போகவில்லை. தவறவிட்டோமா? (ஒட்டாவா வாசகி)

தப்பிவிட்டீர்கள். நாங்கள் போனோம். இவருக்கு ஸ்நோர்கலிங் பாதி விலை என்றதும் கண் தெரியவில்லை. தொண்ணூறு நிமிடம் என்றார்கள், நாலரை மணித்தியாலம் இருத்தினார்கள். விற்பது "டைம்ஷெயார்": வருடத்தில் ஒரு கிழமை தங்கும் உரிமையை இருபது, முப்பது வருடத்துக்கு முன்கூட்டி வாங்குவது, பராமரிப்புக் கட்டணம் தனி. வேண்டாம் என்றதும் முதலாமவர் எழும்பிப் போய் அவரைவிடப் பெரியவர் வந்தார், விலை பாதியானது. மூன்றாமவர் வந்தபோது கால்வாசி. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று மூவருமே சொன்னார்கள். காலைச் சாப்பாடு ஆறிப்போன ஓம்லெட்.

யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டு இதை வாசித்தால்: மெக்சிக்கோச் சட்டத்தில் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் இரத்துச் செய்யலாம், தண்டம் கிடையாது. விமானம் ஏற முன்னமே கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்குங்கள்.

கேள்வி: ஐப்பசியில் சென்ட் லூசியா விலை பாதியாக இருக்கிறது. போனால் என்ன? (மிசிசாகா வாசகர்)

சூறாவளிக் காலம் ஜூன் 1இலிருந்து நவம்பர் 30 வரை, உச்சம் ஆவணி நடுவிலிருந்து ஐப்பசி நடுவரை. விலை ஏன் பாதி என்பதற்கு அதுவே பதில். ஆனாலும் போகிறவர்கள் போகிறார்கள், பெரும்பாலானோர் இரண்டு மழையோடு திரும்பியும் வருகிறார்கள். அதற்காக 2017இல் இர்மா, மரியா என்ற சூறாவளிகள் அடித்ததும், 2024 ஆடி முதலாம் திகதி கிரெனடாவின் கரியக்கூத் தீவைப் பெறில் துடைத்துப்போட்டதும் இல்லை என்றாகாது. பெறில் வந்தது உச்ச காலத்துக்கு எத்தனையோ கிழமை முன்னம்.

போவதென்றால் காப்புறுதியைப் பயணம் பதியும் அன்றே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால், தெரிந்த ஆபத்து என்று சொல்லி அந்தப் புயலுக்குக் காசு தரமாட்டார்கள். விடுதிகள் விளம்பரம் செய்யும் "ஹரிகேன் உத்தரவாதம்" என்பதை எழுத்தெண்ணி வாசியுங்கள். சூறாவளி அந்தத் தீவையே நேரில் தாக்கினால்தான் செல்லும் என்று பலதில் இருக்கும். பக்கத்துத் தீவில் அடித்து, உங்கள் விமானம் மூன்று நாள் ஓடாமல், கடல் சேறாகக் கிடந்தால் அதில் இடமில்லை.

ஐப்பசியில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் தெற்கே இறங்குங்கள். அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் வெனிசுவேலாக் கரையை ஒட்டியவை. சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குக் கீழே. அரூபாவில் நல்ல கடற்கரைகள் மேற்கே இருப்பதால் முதற் கேள்விக்குச் சொன்ன பதிலும் அங்கே பொருந்தும். விடுமுறையை நகர்த்த முடிந்தால் மார்கழி முதல் இரண்டு கிழமை: நத்தார்க் கூட்டம் வர முன்னம் விலை இறங்கியிருக்கும், புயற்காலமும் முடிந்திருக்கும். விற்கிற காலத்தில் நாங்கள் எங்கள் வீட்டாருக்குப் பதிந்தது அந்த இரண்டு கிழமைதான்.

கேள்வி: பார்படோஸில் மீன் சாப்பாடு 90 டொலர் என்று மெனுவில் பார்த்து எழும்பி வந்துவிட்டோம். அவ்வளவு விலையா? (விற்பி வாசகர்)

பசியோடு வந்திருக்கிறீர்கள், பாவம். அது பார்படோஸ் டொலராகத்தான் இருந்திருக்கும். இரண்டு கொடுத்தால் ஒரு அமெரிக்க டொலர், 1975இலிருந்து மாறாத கணக்கு. ஆக அது 45 அமெரிக்க டொலர். சென்ட் லூசியா, கிரெனடா, அன்ரிகுவா பக்கம் கிழக்குக் கரீபியன் டொலர், 2.70 சேர்ந்தால்தான் ஒரு அமெரிக்க டொலர். கேமன் தீவுகளில் தலைகீழ், அவர்கள் டொலர் அமெரிக்க டொலரைவிடப் பெரிது. மெனுவில் வெறும் டொலர்க் குறி இருந்தால் எந்த டொலர் என்று கேட்பதில் வெட்கமில்லை. அட்டை இயந்திரம் "கனடிய டொலரில் கட்டவா?" என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்க் காசில் கட்டுங்கள், அந்த அன்புக்கு மாற்று விகிதத்தில் காசு பிடிப்பார்கள். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். டொமினிக்கனில் 18 வீத வரிக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணம் சட்டப்படியே சேரும்.

டிப்ஸ் பற்றி ஒன்று. அறை துப்புரவாக்கும் பெண்களுக்குக் கனடிய ஒரு டொலர், இரண்டு டொலர் நாணயங்களைக் கொடுக்கிறோம். அங்கே வங்கிகள் வெளிநாட்டு நாணயங்களை மாற்றுவதில்லை. அவர்கள் அதைப் பொதியாகச் சேர்த்துவைத்து, திரும்பிப் போகும் கனடியர்களிடம் தாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். தாளாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் லண்டன், பிரித்தானியக் கடவுச்சீட்டு. ரொறன்ரோத் தங்கச்சி குடும்பத்தோடு தையில் கியூபா வரடேரோ போகத் திட்டம். அடுத்த கோடைக்கு அமெரிக்காவில் சித்தப்பா வீடு. ஏதும் பிரச்சினையா?

தங்கச்சிக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. 2021 ஜனவரி 12ஆம் திகதிக்குப் பிறகு கியூபாவுக்குப் போனவர்கள், விசா இல்லாமல் போக இணையத்தில் எடுக்கும் "எஸ்டா" அனுமதியில் அமெரிக்காவுக்குப் போக முடியாது. தூதரகத்தில் நேர்முகம் கொடுத்து விசா எடுக்க வேண்டும், அதற்கான காத்திருப்பு சில வேளைகளில் மாதக்கணக்கு. கனடியர்களுக்கு எஸ்டாவே தேவையில்லை என்பதால் இங்கே முகவர்கள் இதை யோசிப்பதில்லை. வரடேரோக் கடற்கரை அருமைதான், வடக்குப் பார்த்தது, பாசித் தொல்லை குறைவு. ஆனால் 2024 ஐப்பசியில் நாடு முழுக்க மின்சாரம் போன இடம். சித்தப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாரும் வேறு தீவுக்குப் போங்கள்.

கேள்வி: ஆறு வயது மகனோடு பார்படோஸ் போகிறோம். பெட்டியில் எதை மறக்கக் கூடாது? (மில்டன் வாசகி)

எதை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். மகனுக்கு இராணுவ உடுப்பு மாதிரிப் பச்சை மண்ணிறத் திட்டுப்போட்ட காற்சட்டை இருந்தால் அது வீட்டிலேயே நிற்கட்டும். பார்படோஸில் பொதுமக்கள் அந்தத் துணி உடுப்பது குற்றம், பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. ஜமேக்கா, டிரினிடாட், சென்ட் லூசியாவிலும் அதே சட்டம்.

கடற்கரைகள் அங்கே எல்லாருக்கும் பொது; எந்த விடுதியின் முன்னாலும் நடக்கலாம், துவாய் விரிக்கலாம். அப்படி நடக்கும்போது அடிமரத்தில் சிவப்புப் பூச்சு அடித்த மரம் கண்டால் தள்ளிப்போங்கள். மஞ்சினீல் என்று பெயர். சின்னப் பச்சை அப்பிள் மாதிரிக் காய் கீழே விழுந்து கிடக்கும், கடித்தால் வாய் வெந்துபோகும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்புளமாக்கும். ஆறு வயதுக்காரன் எதைக் கண்டாலும் பொறுக்குவான், இறங்கின முதல் நாளே மரத்தைக் காட்டிவிடுங்கள்.